காத்திருப்புக் காலம்

ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் கடைக்கு மேலே
ரெஜினாவின் அலுவலகம்.
படியேறும்போதே பூண்டுச் சட்னி வாசனை.
பாதியில் தனபால் நின்று
செருப்பு வாரைச் சரிசெய்தான்.
வார் சரியாகத்தான் இருந்தது.

மேசையில் மூன்று கம்பெனிகளின் தாள்கள்.
நான் விலையைப் பார்த்தேன்.
அவள் அடியிலிருந்த பொடி எழுத்தைப் பார்க்கச் சொன்னாள்.
"இது மலிவு. ஆனா ரூமுக்கு நாளைக்கு ரெண்டாயிரந்தான்.
நாலாயிரம் ரூமுல படுத்தா
டாக்டர் ஃபீஸு, தியேட்டர் வாடகை எல்லாத்தையும் பாதியா வெட்டுவாங்க.
இதுல நூத்துக்கு இருபது உங்க கைக்காசு.
இது கொஞ்சம் ஜாஸ்தி. எங்க அண்ணனுக்குப் போட்டது இதுதான்."
எதில் உங்களுக்குக் கமிஷன் அதிகம் என்று கேட்டேன்.
ஜவ்வரிசி மில்லில் பதினோரு வருடம் கணக்கெழுதுகிறவள்
வேறெதைக் கேட்பாள்?
"நடுவுல இருக்கிறதுல"
என்று பேனாவால் அதைத் தள்ளிவைத்தாள்.
அதன் பிறகு அவள் பேச, நான் கேட்டேன்.

சர்க்கரை? இல்லை.
மூச்சிரைப்பு? இல்லை.
ஆபரேஷன்? எனக்கு ஒன்று, மகள் பிறந்தபோது.
கல்யாணப் புரோக்கர்கூட இவ்வளவு கேட்கவில்லை;
பையனுக்குக் கெட்ட பழக்கம் இல்லை என்றதோடு சரி.
பிரஷர்?
"இல்லீங்க" என்றான் தனபால்,
சன்னலுக்கு வெளியே பாலத்தில் போகும் பஸ்ஸிடம்.

ரெஜினா எழுதவில்லை.
பேனாவுக்கு மூடி போட்டாள்.
"இல்லைன்னே எழுதிடலாம்ணா. சந்தோஷமா வாங்கிப்பாங்க.
கட்டுற வரைக்கும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.
படுத்தப்புறம்தான் பழைய சீட்டைத் தேடி வருவாங்க."

கீழே யாரோ இன்னொரு செட் கேட்டார்கள், காரம் தூக்கலாக.

அவன் சொன்னான்.
ஆடி மாதம், ஏற்காட்டிலிருந்து மிளகு மூட்டையோடு இறங்கும்போது
பதின்மூன்றாம் வளைவில்
ரோடு இரண்டாகத் தெரிந்திருக்கிறது.
வண்டியை ஓரம் ஒதுக்கி
ஒரு மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருக்கிறான்.
குரங்கு வந்து டேஷ்போர்டிலிருந்த பன்னை எடுத்துப் போனதாம்.
விரட்ட எழவில்லையாம்.
மறுநாள் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டர். நூற்றெண்பது.
பத்து நாள் மாத்திரை. அப்புறம் விட்டுவிட்டான்.
சீட்டு இன்னும் வண்டியின் இருக்கை உறைக்குள்.

அன்றைக்கு டயர் பஞ்சர் என்று வந்து சொன்னான்.
சோறு ஆறிப்போச்சென்று கத்தினேன்.
ஸ்டெப்னியை ஒரு தடவை பார்த்திருக்கலாம் நான்.
பத்தொன்பது வருடம் அவன் தலையணை உறையைத் துவைத்தவளிடம் சொல்லாதது
ஒரு கட்டத்துக்குள் டிக் போடுவதற்காக
முன்பின் தெரியாத ஒருத்தியிடம் வெளியே வந்தது.
கோபம் வந்தது.
யார் மேல் என்று பிரித்தெழுதத் தெரியவில்லை.

"ஆம்" கட்டத்தில் டிக்.
பிரீமியம் மூவாயிரத்து நானூறு ஏறியது.
"பிரஷரால வர்ற எதுக்கும் மூணு வருஷம் காத்திருக்கணும்.
மத்த சீக்குக்கு முப்பது நாள், சிலதுக்கு ரெண்டு வருஷம்.
விபத்துன்னா இன்னைக்கே."
விபத்து என்றபோது மூன்று பேரும் தாளையே பார்த்தோம்.

மூன்று வருடம்.
எங்களிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கியாயிற்று.
அதனிடம் யார் வாங்குவது?
அவன் ரத்தத்தில் ஏறி இறங்கித் திரிவதைக் கூப்பிட்டு
எதிர் நாற்காலியில் உட்காரவைத்து
நீயும் இங்கே ஒன்று போடு என்று
எந்தப் புரோக்கர் பேனா நீட்டுவாள்?

இறங்கி வந்து செட் வாங்கினோம்.
உப்புக் கம்மியாக என்றேன்.
அதெல்லாம் சட்னியில் போட்டாச்சு என்றான் கடைக்காரன்.
தனபால் சிரித்தான். நான் சிரிக்கவில்லை,
ஆனால் என் செட்டை அவனிடம் கொடுக்கவுமில்லை.

இப்போது காலை மாத்திரை என் கண் முன்னால்.
மலையேறும் நாட்களில்
பதின்மூன்றாம் வளைவிலிருந்து ஒரு மிஸ்டு கால் என்று பேச்சு.
அங்கே டவர் இல்லை.
பதினாறில்தான் கிடைக்கிறது.
அந்த மூன்று வளைவுக்கு
மில்லில் நான் எந்தக் கூட்டலையும் தொடுவதில்லை.