மணிக்கு ஏழு யூரோ

காலையில் டிராம் பணிமனையில் சீட்டுக் கணக்கு பார்க்கிறேன்.
மாலை நான்கு மணிக்கு
ஆடையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு
சுழல்பலகைமேல் ஏறி நிற்கிறேன்.
லியெபாயாவின் கடற்காற்று
ஜன்னல் இடுக்கில் விரல் விட்டுப் பார்க்கும்.
அறைக்குக் கணப்பு ஒன்றுதான்.
பலகையைத் திருப்பத் திருப்ப
ஜூலை மாதம் என்னைச் சுற்றி வருகிறது.
மற்ற பக்கமெல்லாம் ஜனவரி.

முதல் நாள் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை.
"எடை எந்தக் காலில்?" என்றாள் ஆஸ்ட்ரா.
பதினொரு பேர் குனிந்து பார்த்து
வலது என்றார்கள்.
சரிதான்.
தொண்ணூற்றெட்டில் பனியில் வழுக்கியதிலிருந்து
இடது முழங்கால் எதையும் சுமப்பதில்லை.
அதற்கு இங்கே ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: தளர்கால்.
மருத்துவர் எழுதிக் கொடுத்த சொல்
இவ்வளவு அழகாக இல்லை.

இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால்
தோள் மறுபக்கம் சாய வேண்டுமாம்,
இல்லையென்றால் உருவம் விழுந்துவிடுமாம்.
ஐம்பத்தாறு வருடம்
இது தெரியாமலே நின்றிருக்கிறேன்.

நிறை, தளம், அச்சு.
தாடை திரும்பும் இடத்தில் ஒரு தளம் முடிகிறது.
வயிறு புடைப்பு, தொப்புள் குழிவு,
இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தயங்குகிறது.
சுவரோடு ஒட்டியிருந்தால் புடைப்புச் சிற்பம்,
சுவரை விட்டு வந்துவிட்டால் முழுச் சிற்பம்.
வந்தவளுக்கு முதுகும் வேண்டும்.
என் முதுகை நான் பார்த்ததில்லை.
இடைவேளையில் போர்வையோடு இறங்கிச் சுற்றி வந்தேன்.
பதினொரு முதுகு. ஒன்றுகூட மற்றொன்றைப் போல இல்லை.
மதாரா செய்தது எனக்குப் பிடித்தது,
அதில் எனக்குக் கொஞ்சம் கோபம் இருந்தது.

"இருப்பதை விடுங்கள், இல்லாததைப் பாருங்கள்"
என்றாள் ஆஸ்ட்ரா இரண்டாம் வாரம்.
என் கை இடுப்பில் இருந்தது.
கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணம்.
அது வெற்றிடம், அதற்கும் விளிம்பு உண்டு,
அதையும் கட்ட வேண்டும்.
வில்னிஸ் என்ற பையன் ஒற்றைக் கண்ணை மூடி
அந்த முக்கோணத்தையே மூன்று நாள் பார்த்தான்.
பலகையைத் திருப்பினால் முணுமுணுத்தான்.
"அப்படி என்னதான் தெரிகிறது அதற்குள்?" என்று கேட்டேன்.
"தண்ணீர்க் குழாய். சைக்கிள் டயர். மதாராவின் காது."
மூன்றாவதைச் சொன்ன பிறகுதான்
சொல்லிவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்தது.
அவன் செய்த மூக்கு உருளைக்கிழங்கு,
கால் இரண்டும் மேஜைக்கால்.
அந்த முக்கோணம் மட்டும் அச்சு அசல்.

வெண்கலமா என்று கேட்டேன், விளையாட்டாக.
சிரித்தார்கள்.
பருவம் முடிந்தால் களிமண் திரும்ப வேண்டும்.
கடைசி நாள் கம்பியால் அறுத்து
என்னைக் கட்டி கட்டியாகத் தொட்டியில் போட்டார்கள்.
மார்பு எது, முழங்கை எது என்று
தண்ணீருக்குக் கவலையில்லை.
உள்ளே இருந்த கம்பிக்கூடுகள் மட்டும்
பதினொரு மேஜையிலும் நின்றன.
தளர்கால் அப்போதும் தளர்ந்தே இருந்தது.

அடுத்த பருவத்துக்கு ஸிகுர்ட்ஸ் வருகிறானாம்,
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன்,
கதவை அடைக்கிற தோளாம்.
என் தொடை அந்தத் தோளுக்குப் போகும் என்று கணக்குப் போட்டு
காலுறையைக் கழற்றினேன்.
நானும் மதாராவும் வில்னிஸும்
தொட்டிக்குள் இறங்கி மிதித்தோம்.
சில்லென்றிருந்தது. வழவழப்பாக இருந்தது.
வில்னிஸ் வழுக்கினான்,
மதாரா பிடித்தாள்,
பிடித்த கையை எடுக்கவில்லை.
நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன்.

ரசீதில் கையெழுத்து. நூற்று எழுபத்தைந்து யூரோ.
பெயருக்கான இடத்தில் 'மாதிரி' என்று தட்டச்சாகியிருந்தது.
அடித்துவிட்டு ஸ்கைட்ரீட்டே என்று எழுதினேன்.

டிராம் நிறுத்தத்தில் ஆள் இல்லை.
பழக்கத்தில் எடை வலது காலுக்குப் போனது,
கை இடுப்புக்கு ஏறியது.
என் பின்னால் யாராவது நின்றிருந்தால்
வண்டியின் விளக்கு
எனக்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.