கன்னி மூலை

பின்னால் ஒரு நீச்சல் குளம் இருந்ததால்
வீட்டு விலையில் எட்டு லட்சம் குறைந்தது.
கன்னி மூலையில் பள்ளம், அதிலும் தண்ணி.
வந்தவர்கள் எல்லாம் மாடி பார்த்து, அடுக்களை பார்த்து,
பின்கதவைத் திறந்ததும்
செருப்பைத் தேடினார்களாம்.
"ஒங்களுக்குத்தான் வாஸ்து கெடையாதுல்லா" என்றார்
தரகர் ஆவுடையப்பன்
என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து.
தேவசகாயம் சிரித்தார்.
வீடு பார்க்கப் போன முதல் நாளே
செல்போனில் திசைகாட்டியைத் திறந்து
தூணுக்குப் பின்னால் நின்றவர் அவர்தான்.

தம்மாமில் இருபது வருஷம்
ஏசி மெக்கானிக்காக இருந்த பீர்முகமது கட்டியது.
பதினெட்டடிக்கு ஒன்பது.
ஆழம் அந்தக் கோடியில் ஐந்தரை.
"மூணே மூணு மட்டம் எறங்குனேன்க்கா.
பொறவு
வத்தல் காயப் போட்டோம்."

மதிலில் நாலடி உயரத்தில் ஒரு செம்மண் கோடு.
இரண்டு பூச்சு அடித்தும் மேலே வருகிறது.
கொக்கிரகுளம் பக்கமிருந்து ஆறு ஏறி வந்து
யாரும் கேட்காமல்
குளத்தை நிரப்பிக் கொடுத்த ராத்திரி அது.
வற்றியபோது உள்ளே
யார் வீட்டதோ ஒரு குக்கர் மூடி,
ஒரு ஆமை,
சங்கத்தின் பெயர் எழுதிய இரும்பு நாற்காலி.
நாற்காலியை மட்டும் திருப்பிக் கொடுத்தாராம்.

பத்திர எழுத்தர் மூச்சு விடாமல் வாசித்தார்:
நிதி நிட்சேபம் ஜலம் தரு பாஷாணம்
உள்ளிட்ட சகல பாத்தியங்களும்.
குளம் இதில் எதில் வரும் என்று கேட்டேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி யோசித்தார்.
"தண்ணி நின்னா ஜலம்.
இல்லாட்டி பாஷாணம்."
பாஷாணம் என்றால் கல்தான் என்று
தேவசகாயம் காதில் சொன்னார்.
மருந்துக்கடைக்காரி எனக்கு
அந்த வார்த்தைக்கு வேறு அலமாரி.
கடைசியில் 'தொட்டி ஒன்று' என்று எழுதிக்கொண்டார்.

எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.
தேவசகாயம் சாத்தான்குளத்துக்காரர்,
அவர் ஊர்க் கிணற்றை எட்டிப் பார்த்தால்
பாம்புதான் தெரியும்.
நான் ஆற்றுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள்.
அதனாலேயே இறங்க விடவில்லை.

மூடிவிடலாம் என்று முடிவு செய்து
மண் லாரிக்குச் சொன்னோம்.
வந்தவர் பேச்சித்துரை. விளிம்பில் குத்தவைத்து
விரலால் கணக்குப் போட்டார்.
"மண்ணுன்னா நாலு லோடு."
சரி, சும்மா கேட்கிறோம், தண்ணீருக்கு யாரைப் பிடிக்க?
"அதுவும் நம்ம வண்டிதான். அதுவும் நாலு லோடு."
எழுந்து வேட்டியைத் தட்டினார்.
"மண்ணு ஒருக்கா போட்டா முடிஞ்சிது.
தண்ணின்னா நான் அடிக்கடி வருவேன்.
அதுக்காவச் சொல்லல."

நாளைக்குச் சொல்கிறோம் என்றோம்.
அது ஆவணியில்.

பெனிலா இப்போதெல்லாம் உள்ளே இறங்கி
ஆழமான கோடியில் உட்கார்ந்துதான் கணக்குப் போடுகிறாள்.
நாங்கள் கூப்பிடுவது
அங்கே மட்டும்தான் கேட்காதாம்.
தலைக்கு மேலே நீல ஓட்டில்
பென்சிலால் எழுதிய சைன் தீட்டா, காஸ் தீட்டா.
அழிக்கச் சொன்னேன்.
தண்ணி விட்டா அதுவே அழியும் என்கிறாள்,
மண் போட்டால்
அப்படியே இருக்கும் என்றும்.

நேற்று ஐப்பசியின் முதல் பெருமழை.
பாதி ராத்திரியில் விழித்தபோது பக்கத்தில் ஆளில்லை.
பின்கதவு திறந்து கிடந்தது.
தேவசகாயம் குளத்துக்குள் நின்றார்,
ஒரு கையில் குடை,
மறு கையில் மடித்துப் பிடித்த சாரம்,
கரண்டைக்கால் அளவு தண்ணீர்.
ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார்.
கீழே வைத்தார்.
மற்றக் காலைத் தூக்கினார்.

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூசி,
"பேச்சித்துரைட்ட பேசிட்டேன்,
திங்கக்கெழம வாரேன்னுருக்காரு" என்றார்.

எந்த வண்டியோடு என்று
நான் கேட்கவில்லை.