ஐந்நூறுக்குள்

மேலப்பாளையம். மேல்மாடி வீடு.
போன கணக்கில் அறுநூற்றுப் பன்னிரண்டு யூனிட்.
இந்தத் தடவை நானூற்று எழுபத்தொன்று.
மீட்டரைத் தட்டிப் பார்த்தேன்.

"ஏசிய வித்துட்டியளா?"
"ஓடிக்கிட்டுதான இருக்கு," என்றாள் ஜெய்னம்பு.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி
ஜன்னலோரமாய் நடந்தாளாம்.
புகை சாய்ந்த இடமெல்லாம்
காசு போகிற வழி.

கதவடியில் பழைய சைக்கிள் டியூப்.
ஏசிக் குழாய் நுழைந்த ஓட்டையில்
ஒரு உருண்டை புட்டி.
மொட்டைமாடியில் தென்னைநார்ப் பலகை,
அதன்மேல் வெள்ளை ஓடு.
"அக்னி வெயில்லயும் செருப்பில்லாம நிக்கலாம்,
ஏறித்தான் பாருங்களேன்."

ஏறவில்லை. இன்னும் நாற்பது வீடு.

ராத்திரி என் வீட்டில்
நானும் ஒரு பத்தி ஏற்றினேன்.
இன்னிக்கு என்ன விசேஷம், என்றாள் கோமு.
புகை
ஓரிடத்திலும்
நேராக நிற்கவில்லை.