சிவப்பு மட்டும் சேரவில்லை

மஞ்சள் இரண்டு, சிவப்பு ஒன்று.
நவம்பரிலிருந்து எரிகிறதாம்.
மூன்றின்மேலும் கறுப்பு டேப் ஒட்டி
ரிமூஸ்கி முழுக்க இறால் விற்றிருக்கிறார் ஒவிலா.

ஸ்கேனர் பின் இடது சக்கரத்தைக் காட்டியது.
"அந்த சென்சாரை ரெண்டு தரம் மாத்தியாச்சு, கிஸ்லென்,"
நான்தான் மாற்றியதுபோல் முறைத்தார்.

ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றினேன்.
மீட்டரில் எண் ஏறியது, ஏறியது,
பொத்தென்று விழுந்தது.
அடுத்த சுற்றிலும் அதே இடத்தில்.

டார்ச்சைச் சாய்த்தால்
பல்வளையத்தில் மயிரிழை விரிசல்.
சாலை உப்பில் ஊறிய துரு
அடியில் புடைத்து இரும்பைப் பிளந்திருக்கிறது.
பாவம் சென்சார், கண்டதைத்தான் சொன்னது;
இரண்டு தரம் வேலை போனது அதற்கு.
வண்டியோ அதை நம்பி
காய்ந்த தார்ச்சாலையில் வழுக்குகிறேன் என்று
உதறியிருக்கிறது.

மஞ்சள் இரண்டுக்கும் கணக்கு முடிந்தது.
சிவப்பு இதில் சேரவில்லை.

பானட்டைத் திறந்தேன்.
பிரேக் ஆயில் கோட்டுக்குக் கீழே, வெகு கீழே.
முன்சக்கரங்களைக் கழற்றினேன்.
பேடுகள் இருந்த இடத்தில்
இரும்பை இரும்பு தின்றுகொண்டிருந்தது.

ஒவிலா குனிந்து பார்த்தார்.
துறைமுகச் சரிவில் இன்று காலை இறங்கியதை
அவராகவே சொன்னார், மெதுவாக.

டேப்பை உரித்து உள்ளங்கையில் வைத்தேன்.
"இறால் பெட்டிக்கு ஒட்டுங்க."