ஏழு கம்பம், மூன்று கம்பம்

போன வருஷம் முதல் பாதியில்
பதினோரு நிமிடம் மிச்சம் பிடித்தேன்.
இரண்டாம் பாதியில் சாலை
கந்துவட்டிக்காரன் மாதிரி வழிமறித்தது.
நாற்பத்து நான்காவது கிலோமீட்டர்,
கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ள
வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றேன்.
ஒரு மாடு பார்த்துக்கொண்டிருந்தது.
கடைசித் திருப்பத்தில் நான் வரும்போதே
வெடித்துவிட்டது துப்பாக்கி.

இங்கே வழக்கம் அப்படி.
ஏழாவது மணி முடியப்போகையில்
எல்லைக்கோட்டின் மேல் ஒருவர் வந்து நிற்பார்,
ஓடிவருகிறவர்களுக்கு முதுகைக் காட்டி.
முகம் பார்த்தால் விரல் மடங்காதாம்.
வானத்தை நோக்கி ஒரே வெடி.
அதன் பிறகு வருகிறவர்களுக்குப்
பதக்கமில்லை, பட்டியலில் பெயருமில்லை,
சூப்பு மட்டும் உண்டு.

இந்த வருஷம் முசுகிசியின் பேருந்தில் ஏறினேன்.
சக்கரமில்லை, கூரையில்லை.
முதுகில் சிவப்புக் கொடி செருகிய
மின்வாரிய ஊழியன் ஒருவன்,
அவன் பின்னால் நாற்பது பேர்.
சொன்ன பேச்சைக் கேட்பதுதான் டிக்கெட்.

ஏழு கம்பம் ஓட்டம். மூன்று கம்பம் நடை.
முதல் கம்பத்திலிருந்தே.

கொன்சே நகரின் தெருவிளக்குகள்கூட அணையவில்லை,
எனக்கு இன்னும் வேர்க்கவில்லை,
“நட” என்றான்.
நாற்பது பேரும் நடந்தோம்
பிண ஊர்வலத்துக்குத் தாமதமாய் வந்தவர்கள் போல.
பெட்ரோல் பங்க் பையன் கத்தினான்:
“அதுக்குள்ளேயேவா!”
என் அலுவலகத்து லுங்கெல்வா கடந்து போனாள்.
“உடம்புக்கு என்ன, சோலேகா?”
அவிழாத ஷூ கயிற்றைக்
குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ஓடுவதைவிடக் கஷ்டம்
ஓட முடிகிறபோது நடப்பது.
கால் இழுக்கிறது, கயிறு கட்டிய கன்று.
மூன்றாவது கம்பம் வேண்டுமென்றே
தள்ளி நட்டதுபோல் இருக்கிறது.

வீடு வீடாய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது என் வேலை.
கடைசிச் சக்கரம் எத்தனை மெதுவாய் நகரும் என்று தெரியும்.
நகர்கிறதே தெரியாது,
மாதக் கடைசியில் பில் வந்துவிடும்.
அப்படித்தான் வந்தது முப்பது.
உப்பில் புரட்டிய உருளைக்கிழங்கோடு வந்தது முப்பத்தெட்டு.
நாற்பத்து நான்கில் அதே வேலி.
மாடு இல்லை.
அது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனோ.

நாற்பத்தேழில் முசுகிசி நின்றான்.
முழங்காலில் ஏதோ அறுந்ததை
நாங்கள் கேட்டோம் என்று பிறகு சிலர் சொன்னார்கள்,
எனக்கு எதுவும் கேட்கவில்லை.
கொடியை உருவி என் பனியனில் செருகினான்.
“எண்ணு” என்றான், அவ்வளவுதான்.

எண்ணினேன்.
ஐம்பத்தொன்றில் கம்பங்கள் தீர்ந்தன.
செப்புக்கம்பித் திருடர்கள் அறுத்துப்போட்ட
அடிக்கட்டைகள்கூட இல்லை,
புல், காற்று, கடலின் வாசனை.
“இனி ஓடியே தீர்த்துவிடலாம்!” என்று ஒருவன் கிளம்ப
ஒன்பது பேர் அவன் பின்னால் போனார்கள்.
என் காலும் கேட்டது.
பேசாமல் இரு என்று
இடது கால் விழுவதை எண்ண ஆரம்பித்தேன்:
இருநூறு ஓட்டம். நூறு நடை.
சத்தமாக எண்ணினேன்.
பின்னால் யாரோ கூடவே எண்ணினார்கள்,
தப்புத் தப்பாக.

ஆறு மணி ஐம்பத்தாறு நிமிடம்.
லுங்கெல்வா ஆறரையிலேயே முடித்து
சூப்பும் குடித்து உடையும் மாற்றியிருந்தாள்.
அவளுக்குக் கம்பம் தேவைப்பட்டதில்லை.
ஒன்பது பேரில் ஐந்து பேர் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள்.
நான்கு பேர் இன்னும் வரவில்லை.

பிறகு அந்த மனிதர் கோட்டுக்கு வந்தார்,
சாம்பல் கோட்டு, மெலிந்த முதுகு எங்கோ திரும்பியிருக்க.
திருப்பத்தில் ஒரு மஞ்சள் பனியன்.
கிளம்பலாம் என்று கத்தியவன்தான்.
இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து,
ஓடுவதா நடப்பதா என்று தெரியாமல்.
கோட்டுக்காரரின் முழங்கை மெல்ல உயர்கிறது.
கொடி இன்னும் என் முதுகில் இருந்தது.
தடுப்பின் மேல் சாய்ந்து
அவன் இடது காலைப் பார்த்து ஆரம்பித்தேன்:
ஒன்று,
இரண்டு,
மூன்று