இழுபட்ட ரேகை

தேவகோட்டை ரஸ்தாவில் பஸ் மாறும்போது
வலது செருப்பு கழன்றது எனக்குத் தெரியவில்லை.
கண்டக்டர்தான் கத்தினார்.
தம்பி சாத்தப்பன் ஓடிப்போய் எடுத்துவந்து
மாட்டிவிட்டான்.
முப்பத்தொரு வயதில்
என் காலுக்கு வேறொருவர் சாட்சி.

புதுவயல் அரிசி மில்லில் கணக்கு எழுதியவள் நான்.
எந்த லாரியில் எத்தனை மூட்டை, மனசில் நிற்கும்.
ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை
பேனா விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
பாதி நான்தான் குனிந்தது.

மதுரையில் பத்தொன்பது நாள்.
படத்தைக் காட்டி டாக்டர் சொன்னார்,
இடப்பக்கம், புளியங்கொட்டை அளவு.
அவ்வளவு சின்ன இடத்திலா வைத்திருந்தேன்
வலது கையையும்
பாதித் தமிழையும்?

பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸை வைத்துவிட்டு
வயதைக் கேட்டார்கள்,
ஏதோ ரேஷன் வரிசையில்
நான் முந்திக்கொண்டது போல.

தண்ணீர் கேட்க நினைத்தால்
வாயில் 'சாவி' என்று வந்தது.
சாத்தப்பன் முதலில் சாவியைத் தந்தான்.
இரண்டாம் வாரம், சாவி என்றால் தண்ணீர் தந்தான்.
நான் தண்ணீர் என்று சரியாகச் சொன்ன அன்று
சாவிக்கொத்தோடு வந்து நின்றான்.
சிரிப்பு
வாயின் ஒரு பக்கம்தான் வந்தது.

ஜெசிந்தா என் கையைப் பச்சைப்பயற்றுக்குள் புதைத்து
கோலிக்குண்டைத் தேடச் சொல்வாள்.
பயறு என்று கை சொல்லாது.
கண் சொல்லும்,
கண்ணை மூடச் சொல்வாள்.

இன்று பேங்க்.
இடது கையால் போட்ட கையெழுத்து
ஒத்துப்போகவில்லையாம்.
"ரேகை வச்சிருங்க ஆச்சி.
பொம்பளையாளுக்கு வலது பெருவிரல்."
எம்.காம். படித்தவள் என்று சொல்ல வாயெடுத்து
'எம்' வரைக்கும் வந்து நின்றேன்.

சாத்தப்பன் என் பெருவிரலைத் தூக்கி
மைப்பெட்டியில் அமுக்கினான்.
குளிர்ந்திருக்கும்.
தாளில் வைத்தான்.

"ஆட்டாதீங்க ஆச்சி!
பாருங்க, இழுபட்டுப்போச்சு."

நான் சாத்தப்பனைப் பார்த்தேன்.
அவன் எப்போதோ கையை எடுத்திருந்தான்.

பின்னால் நின்றவர் டோக்கனால் கவுண்டரைத் தட்டினார்.
வேறு படிவம் தந்தார்கள்.
அதில் விரல் அசையவில்லை.
எவ்வளவு நினைத்தும்
அசையவில்லை.
ரேகை சுத்தமாக விழுந்தது, நல்லது என்றார்கள்.

கெட்டுப்போன தாளைக் கேட்டேன்.
'தா' என்று தொடங்கி
'சாவி' என்று முடித்தேன்.
அவனுக்குப் புரிந்தது.
மை காயட்டும் என்று ஊதி ஊதி
மடிக்காமலே எடுத்துவந்தான்
புதுவயல் வரைக்கும்,
பஸ்ஸில் நின்றபடி.