மைனஸ் நாற்பத்தாறு, யாகூத்ஸ்க்

கெஸ்கில் லாரியை அணைக்காமல் வந்திருக்கிறான்.
அணைத்தால் வசந்தம்வரை கிளம்பாது.

முழங்கை மடிப்பில் நரம்பு இல்லை,
குளிருக்கு உள்ளே போய்விட்டது.
வெந்நீர்ப் பையை வைத்துக் காத்திருக்கிறாள் அய்த்தலீனா.
விரல்நுனியில் மெல்லத் தட்டுப்படுகிறது
பனிக்கட்டிக்குக் கீழே லேனா நதி.

முதலில் நீல மூடி, அப்புறம் சிவப்பு, கடைசியில் ஊதா.
ஊதாவை எட்டு முறை கவிழ்த்து நிமிர்த்துகிறாள், குலுக்காமல்.
பெயரை அவனையே சொல்லச் சொல்லி எழுதுகிறாள்.

“இவ்வளவு கறுப்பா?”
“சிரை ரத்தம். இன்னும் மூச்சைப் பார்க்கவில்லை.”

ஆய்வகம் முற்றத்துக்கு அந்தப் பக்கம்.
உறைந்தால் செல்கள் வெடிக்கும்.
பெட்டியின் சூடேற்றி நேற்றே செத்துப்போனது.

மூன்று குழாய்களையும் அக்குளில் இடுக்கி
கோட்டுக்குள் கைகட்டி நடக்கிறாள்,
பெயரும் பிறந்த தேதியும் மட்டுமே தெரிந்த ஒருவனை.

வாசலில் அவன் லாரி
உறுமிக்கொண்டே இருக்கிறது.